நூலிலிருந்து எண்ணெய் வரை

தறியில் உட்காருகிறவருக்கு நூலின் விலை நன்றாகத் தெரியும். ஆனால் அவ்விலை எங்கே, யாரால் நிர்ணயிக்கப்படுகிறது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. நூலைப் பின்தொடர்ந்து அதன் பிறப்பிடம் வரை சென்ற ஒரு குடும்பத்தின் வரலாற்றை நமது அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது பயனுடையதாகும். அதுவே ரிலையன்ஸ் ஸ்தாபனத்தின் அம்பானி குடும்பம்.

குஜராத்தில் சோர்வாட் என்னும் ஊரில் 1932-இல் பிறந்த திருபாய் அம்பானி, இளமையில் ஏடன் துறைமுகத்தில் ஒரு வர்த்தகக் கம்பெனியில் ஊழியம் பார்த்தார். 1958-இல் பம்பாய் திரும்பி, மசாலாப் பொருள்களிலும் நூலிலும் வியாபாரம் தொடங்கினார். 1966-இல் அகமதாபாத்தை அடுத்த நரோடாவில் துணி ஆலை ஒன்றை நிறுவினார். அங்கு நெய்த துணிகள் 'விமல்' என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தன.

துணி நெய்பவர் நூலுக்குப் பிறரை நம்ப வேண்டியிருந்தது. ஆகவே 1982-இல் பாதாள்கங்காவில் பாலியெஸ்டர் நூல் ஆலை எழுந்தது. அந்நூல் எவ்வாறு உண்டாகிறது? கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது நாப்தா கிடைக்கிறது. அதிலிருந்து பாராசைலீன் எடுத்து, டெரெப்தாலிக் அமிலம் ஆக்குகிறார்கள். இந்த அமிலத்தைக் கிளைக்காலுடன் சேர்த்தால் பாலியெஸ்டர் உண்டாகிறது. அதை உருக்கி நுண்ணிய துளைகளின் வழியே பீய்ச்சி இழையாக்குகிறார்கள். இந்த ஏணியில் ஒவ்வொரு படியாக ஸ்தாபனம் கீழே இறங்கிச் சென்றது. ஹஜீராவில் ரசாயன ஆலைகளும், 1999-இல் ஜாம்நகரில் மாபெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அமைந்தன. 2002-இல் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் கடலடியில் இயற்கை வாயுவும் கண்டுபிடிக்கப்பட்டது.

இதனால் நமக்கு விளங்குவது ஒன்று உண்டு. கச்சா எண்ணெய் விலை ஏறி இறங்கும்போது பாலியெஸ்டர் நூலின் விலையும் அசைகிறது. பாலியெஸ்டர் மலிந்தால் ஆலைகள் பருத்தியைக் குறைத்துக்கொள்ளக்கூடும். அது பருத்தி பயிரிடுவோரையும் பாதிக்கும்.

இத்தனைக்கும் வேண்டிய மூலதனம் குடும்பத்திடமிருந்து மட்டும் வரவில்லை. 1977-இல் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. பல்லாயிரம் சிறு சேமிப்பாளர்கள் பங்குதாரர்களாயினர். எனினும் நிர்வாகம் குடும்பத்தின் கையிலேயே இருந்தது.

அதன் விளைவு பின்னர் தெரிந்தது. 2002-இல் திருபாய் காலமானார். புதல்வர்களான முகேஷுக்கும் அனிலுக்கும் பிணக்கு மூண்டது. 2005-இல் தாயார் கோகிலாபென் முன்னிலையில் பாகப்பிரிவினை நடந்தது. துணி, எண்ணெய், வாயு ஆகியவை மூத்தவருக்கும், மின்சாரம், தொலைத்தொடர்பு, நிதித்தொழில் ஆகியவை இளையவருக்கும் சென்றன. மூத்தவரின் கம்பெனி இளையவரின் மின் நிலையத்துக்கு வாயு தர வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. விலை, பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 2.34 டாலர். அரசாங்கம் பின்னர் அனுமதித்த விலையோ 4.20 டாலர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2010 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது: குடும்பத்தினர் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது, வாயு நாட்டின் சொத்து, அதன் விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் அரசாங்கத்துக்கே உரியது.

லட்சக்கணக்கானோர் பணம் போட்டிருந்த கம்பெனியின் சரக்குக்கு, அவர்கள் அறியாமல் ஒரு குடும்பத்துக்குள் விலை பேசப்பட்டது. பங்குதாரர் இதைத் தடுத்திருக்க இயலுமா? கம்பெனியில் பங்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்பவே வாக்கு. ஏறக்குறையப் பாதிப் பங்குகளைக் கையில் வைத்திருப்பவர் சொல்லுக்கு எதிரே, பத்துப் பங்கு உடையவரின் குரல் எடுபடாது.

கூட்டுறவில் நியதி வேறு. ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் வாக்கு ஒன்றே. மூலப்பொருளை நோக்கிப் படிப்படியாகச் செல்லும் உபாயம் நமக்கும் உகந்ததே. பருத்தி அரைவை, நூற்பு, சாயம் ஆகியவற்றைச் சங்கங்கள் கூடி ஏற்று நடத்தலாம். ஆனால் கணக்கைப் படிக்காமலும் பேரவைக் கூட்டத்துக்கு வராமலும் அங்கத்தினர் இருந்துவிட்டால், நமது சங்கமும் சிலரது குடும்பச் சொத்துப் போல் ஆகிவிடும். அடுத்த பேரவையில் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்படும்போது, நூல் எங்கே, என்ன விலைக்கு, யார் முடிவின்படி வாங்கப்பட்டது என்று ஒவ்வொருவரும் எழுந்து கேட்க வேண்டும். அது நமது உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.