மெயில் வந்துவிட்டது, வேலை ஏன் தொடங்கவில்லை?

‘விற்பனைக் கணக்கு’ என்ற தலைப்பில் மெயில் வந்ததும் அறிக்கை தயாராகும்படி ஷெட்யூலர் மென்பொருளில் அமைத்திருக்கிறீர்கள். மெயில் இன்பாக்ஸில் இருக்கிறது, வேலை மட்டும் நடக்கவில்லை. ஏன்?

கோளாறு பல நேரங்களில் நம் விரலில்தான். இத்தகைய மென்பொருள்கள் பலவும் ஐமேப் என்ற மெயில் படிக்கும் நெறிமுறை வழியாகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்வரிடம் ‘படிக்காத மெயில் உண்டா?’ என்றுதான் கேட்கின்றன. அதற்குள் யாராவது செல்போனில் அதைத் திறந்துவிட்டால், ‘படித்தாயிற்று’ என்ற குறி சர்வரிலேயே விழுந்துவிடும். அப்புறம் மென்பொருளின் கண்ணுக்கு அந்த மெயில் படாது. இதற்கென்று யாரும் திறக்காத தனி முகவரி வைப்பதே நல்லது.

தலைப்பு தமிழில் இருந்தால் இன்னொரு சிக்கல். பழைய மெயில் விதிப்படி தலைப்பில் ஆஸ்கி எனப்படும் அடிப்படை ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகளுக்கு மட்டுமே இடம். தமிழ், குறியீடாக மாறித்தான் பயணிக்கும். அதைத் திரும்பப் பிரிக்காமல் ஒப்பிடும் மென்பொருளுக்குப் பொருத்தமே கிடைக்காது. மென்பொருளில் ஆங்கிலத் தலைப்பை அமைத்து, அதே தலைப்பில் ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள், குட்டு உடைந்துவிடும்.

நேற்றுவரை ஓடியது திடீரென நின்றதா? லாக் ஃபைலில் லாகின் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் என்ற தன் மெயில் சேவையில் வெறும் பாஸ்வேர்டு முறையை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரிலிருந்து நிறுத்தத் தொடங்கியபோது, ஓஆத் என்ற புதிய லாகின் முறை தெரியாத பழைய மென்பொருள்கள் இப்படித்தான் முடங்கின. அங்கே பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை. மென்பொருளையே புதுப்பிக்க வேண்டும்.