ஒரே அறுவை, வேறு மருந்துச்சீட்டு

பித்தப்பையையோ குடல்வாலையோ எடுப்பது எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே வேலைதான். ஆனால் இத்தகைய சிறு அறுவைகளை ஒப்பிட்ட 2019 ஆய்வில், ஏழு நாளுக்குள் ஓபியாய்டு வகை வலிமருந்து வாங்கியவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கு 75-க்கு மேல், ஸ்வீடனில் 11. எல்லை தாண்டினால் வலி ஏழு மடங்கு கூடிவிடுமா என்ன?

ஐபுப்ரோஃபென் போன்ற சாதாரண வலிமாத்திரை, காயத்தில் சுரந்து வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கிறது. ஓபியாய்டோ மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஏற்பிகளில் ஒட்டி, வலிச்செய்தியையே அமுக்குகிறது. மலச்சிக்கல், மூச்சுத் தளர்வு, நாள் நீண்டால் அடிமைத்தனம் எல்லாம் கூடவே வரும்.

வித்தியாசம் வழக்கத்தில் இருக்கிறது. 1990களில் அமெரிக்காவில் வலியையும் நாடித்துடிப்பைப் போலத் தவறாமல் அளக்கச் சொன்னார்கள். 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை சந்தைக்கு வந்தது, அடிமையாகும் ஆபத்து குறைவு என்ற விளம்பரத்தோடு. மருத்துவர்களும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூடுதலாகவே எழுதினார்கள்; மிச்ச மாத்திரை வீட்டு அலமாரியில் தங்கியது.