பங்குனிக் குட்டைகளில் பறவைகள்

கும்மிடிப்பூண்டி என்றவுடன் இரும்பு உருக்கும் ஆலைகளும், சிப்காட் வளாகத்துப் புகைபோக்கிகளும், நெடுஞ்சாலையோரம் வரிசையிட்டு நிற்கும் லாரிகளுமே எவர் மனத்திலும் தோன்றும். பறவைகளைப் பார்ப்பதற்கென்று இவ்வூரை நாடி வருவோர் அரியர். அத்தகைய ஆர்வமுடையோர் ரயிலில் நம்மூரைக் கடந்து சூலூர்ப்பேட்டைக்குச் செல்வர். அல்லது பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டை அடைந்து, பூநாரைகளைக் கண்டு மகிழ்ந்து திரும்புவர். அதில் தவறில்லை. சிலிகாவிற்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடே. அதன் தமிழ்நாட்டுப் பகுதி 1980ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நம் நெசவாளர் அங்கத்தினர்களுக்கு அவ்வூரைப் பற்றி மற்றொரு பெருமையும் உண்டு. 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி முடித்தது பூநாரைகளுக்காக அன்று; கீழ்த்திசை நாடுகளில் பொன்னுக்குச் சமமாக மதிக்கப்பெற்ற இக்கரையோரத்துத் துணிக்காகவே.

எனினும், நாம் இங்கே கூற வந்தது பெரிய ஏரியைப் பற்றியதன்று. நம் வயல்களை ஒட்டிய சிற்றேரிகளையும், சவுடும் கிராவலும் எடுத்து விட்டுப்போன பள்ளங்களையும் பற்றியதே. சாலைகளுக்கு மேடு போடவும், ஆலைகளுக்கு அடித்தளம் நிரப்பவும், செங்கற்சூளைகளுக்கு மண் சேர்க்கவும் தோண்டப்பட்ட பள்ளங்கள் நம் வட்டாரத்தில் பல. மண் எடுத்தவர்கள் போய்விட்டனர். மழை வந்து நிரப்பிவிட்டது. கரையில் சம்பும் கோரையும் முளைத்தன. நாம் அவற்றைப் பாழ்நிலம் என்கிறோம். பறவைகள் அவ்வாறு கருதுவதில்லை.

இவற்றைப் பார்க்கத் தகுந்த காலம் பங்குனியும் சித்திரையுமாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய நீர் அப்போது வற்றி, மீனும் நத்தையும் புழுவும் சிறிதளவு நீரில் நெருங்கிக் கிடக்கின்றன. விளிம்பெங்கும் சேறு வெளிப்படுகின்றது. நீண்ட கால்களும் நீண்ட அலகும் உடைய பறவைகளுக்கு இதைவிடச் சிறந்த பந்தி ஏது? பவளக்காலி உள்ளான் முழங்காலளவு நீரில் நடக்கும். கொசு உள்ளான் ஈரச் சேற்றின்மேல் ஓடி ஓடிக் கொத்தும். சற்று ஆழமான இடத்தில் முக்குளிப்பான் தலைகீழாக மறையும். ஒவ்வொன்றும் தன் காலின் அளவுக்கேற்ற நீரிலேயே நிற்பதால் சண்டைக்கு இடமில்லை.

வடக்கேயிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வந்த விருந்தினர் புறப்படும் பருவமும் இதுவே. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் முதலியன மாசியிலேயே மெல்ல மெல்லக் குறையத் தொடங்கும். கருவால் மூக்கனும் சிலவகை உள்ளான்களும் இன்னும் சிறிது காலம் தங்கும். வந்தபோது சாம்பல் பூசியவைபோல் இருந்த அவை போகும்போது அப்படியே இரா. சைபீரியா போன்ற தூர தேசங்களில் கூடு கட்டப் போகின்றவை அல்லவா? மார்பிலும் கழுத்திலும் செம்பழுப்பு நிறம் திட்டுத் திட்டாக ஏறிக்கொண்டிருக்கும். சாயத்தொட்டியிலிருந்து எடுத்து இன்னும் முழுதும் நிறம் பிடிக்காத நூற்கழியைக் கண்டவர்களுக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. சாயம் முழுதும் ஏறிய நிலையை நாம் காண்பது அரிது. அதற்குள் அவை பறந்துவிடும்.

உள்ளூர்ப் பறவைகளில் பயிரிடுவோர் அவசியம் அறிய வேண்டியது நத்தைக்குத்தி நாரை. அதன் அலகின் இரு பாதிகளும் நடுவில் ஒன்றையொன்று தொடா, இடைவெளி தெரியும். ஏதோ அடிபட்டு வளைந்ததென்று எண்ணி இரங்குபவரும் உளர். இரக்கம் வேண்டுவதில்லை. நீர்நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுத்து உண்பதில் அதற்கு ஈடில்லை. நடவு வயலிலும் வாய்க்காலிலும் அது இறங்கி நின்றால் விரட்டாதிருப்பதே நலம்.

இனிப் பள்ளங்களின் கரைக்கு வருவோம். இயந்திரம் வெட்டிய செங்குத்தான மண்சுவரில், விரற்கடைகள் சில நுழையும் அளவில் துளைகள் தென்படும். எலி வளையென்று பலரும் கடந்து போவர். அவற்றிற் பல பஞ்சுருட்டானின் வீடுகள். பச்சை நிறமும், வாலின் நடுவில் கம்பி போன்ற நீண்ட இறகும் உடைய அச்சிறு பறவை, அலகால் குத்தியும் காலால் மண்ணைப் பின்னே தள்ளியும், ஒரு கஜத்திற்கு மேலும் சுரங்கம் அமைத்து, அதன் உட்கோடியில் வெறுமண்ணில் வெள்ளை முட்டைகளை இடுகிறது. வெண்மார்பு மீன்கொத்தியும் இத்தகைய சுவரையே நாடும். ஆற்றங்கரைகள் சிமெண்டும் கல்லும் போர்த்தப்பட்டு வரும் இந்நாளில், இவற்றிற்குக் கைவிடப்பட்ட சவுட்டுப் பள்ளமும் ஒரு புகலிடமாயிற்று.

பள்ளத்தின் மேற்பரப்பிலோ ஆட்காட்டி குடியிருக்கும். கூடென்று அது எதையும் கட்டுவதில்லை. கிராவல் தரையில் சிறு குழி. சுற்றிலும் சில கற்கள். நடுவே பெரும்பாலும் நான்கு முட்டைகள், கூர்முனைகள் உள்நோக்கியிருக்க. புள்ளியிட்ட அம்முட்டைகளைக் கல்லினின்று பிரித்தறிவது கடினம். கோடை வெயிலில் தரை கொதிக்கும்போது, தாய்ப்பறவை நீரில் இறங்கி வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கின்றது. அடைகாலம் ஏறக்குறைய ஒரு மாதம். நாம் அணுகினால் அது தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தும். அப்போது இன்னும் தேடிப் பார்ப்போம் என்று முன்னேறுவது அறிவீனம். நம் காலடியிலேயே முட்டை இருக்கக்கூடும்.

சென்ற ஆண்டுப் பங்குனியில் அத்தகைய பள்ளம் ஒன்றில் பதினொரு துளைகளில் பஞ்சுருட்டான்கள் போய்வருவதை எண்ணினோம். சித்திரை நடுவில் மறுபடியும் சென்றபோது அச்சுவர் இல்லை. யாரோ ஓரிடத்தை மேடாக்க மண் வெட்டிச் சென்றிருந்தனர். பறவைகள் இரண்டு மூன்று, அலகில் தும்பியைக் கவ்வியவாறு, சுவர் இருந்த இடத்திற்கு நேராகப் பறந்து வந்து, காற்றில் நின்று, திரும்பிச் சென்றுகொண்டிருந்தன. அலகில் இரையோடு வந்தமையால் உள்ளே குஞ்சுகள் இருந்தன என்பதில் ஐயமில்லை.

மண் எடுப்பதே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. ஏரி வண்டல் நம் நிலத்திற்கு உரம். தூர் வாராத ஏரியில் நீர் நில்லாது. விவசாயிகள் ஏரிகளிலிருந்து விலையின்றி வண்டல் எடுத்துக்கொள்ள 2017இல் அரசு வழி செய்தது. 2024இல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாமென முறை எளிதாக்கப்பட்டது. இடர்ப்பாடு என்னவெனில், ஏரி காய்ந்திருக்கும் மாதங்களும் பறவை குஞ்சு பொரிக்கும் மாதங்களும் ஒன்றாக அமைந்துவிட்டன. வண்டல் இருப்பது தரையில். வளை இருப்பது சுவரில். தரையை வாருவோர் துளையுள்ள சுவரை விட்டுவைத்தால் வண்டலில் ஒரு கூடையும் குறையப் போவதில்லை.

இது புதிய யோசனையும் அன்று. செங்கற்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கல் விவசாயிகள், தம் ஏரியில் கூடு கட்டும் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டதைப் பொறாமல், ஒன்றுகூடி ஜில்லா கலெக்டரிடம் முறையிட்டனர். லயோனல் பிளேஸ் என்ற அக்கலெக்டர் 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்தில் வழங்கினார். அவ்விவசாயிகளை உந்தியது கருணை மட்டுமன்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பாய்ந்த வயலில் விளைச்சல் கூடுவதை அவர்கள் கண்டிருந்தனர். சங்கம் என்ற பெயரோ பதிவு எண்ணோ அவர்களுக்கு இல்லை. காரியம் மட்டும் நடந்தது.

பார்க்க விரும்பும் அங்கத்தினர்கள் காலை ஆறு மணிக்குச் சென்று, சூரியனை முதுகுப்புறம் வைத்து, ஓரிடத்தில் அமர்ந்திருத்தல் போதும். தொலைநோக்கி இருந்தால் நன்று, இன்றேல் குறையில்லை. சவுட்டுப் பள்ளத்தின் விளிம்பில் மட்டும் நிற்கலாகாது. மண் சரியும், நீரின் ஆழமும் வெளியே தெரியாது. பிள்ளைகளைத் தனியே அனுப்பவே கூடாது. கண்டவற்றை நாளிட்டு ஒரு நோட்டில் எழுதிவைப்பது நல்ல பழக்கம். 2015 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் எவரும் பங்கு கொள்ளலாம்.

இவ்வாண்டு வண்டலோ சவுடோ எடுக்க எண்ணியிருப்போர், முதல் வண்டி இறங்குமுன் ஒரு காலைப்பொழுது கரையைச் சுற்றி வந்து, துளைகளுள்ள இடத்தில் ஒரு குச்சியை நட்டு வைக்கலாம். ஆனி முடிவதற்குள் வளைகள் பெரும்பாலும் காலியாகிவிடும். வடகிழக்கு மழைக்கு அதன் பின்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன. அச்சுவரின் மண் வேண்டுமென்றால் அப்போது வெட்டிக்கொள்ளலாம்.