கதையின் வேகமும் ஓர் இளவரசனின் மனமாற்றமும்

நேயர்களே, சிறுவர்க்கென எழுந்த ஒரு சித்திரக்கதையைப் பற்றி வளர்ந்தோர் பல ஆண்டுகளாக வழக்காடி வருகின்றனர் என்றால் உங்களுட் சிலர் நகைக்கக்கூடும். வழக்கின் பொருளைக் கேட்டபின் அந்த நகைப்பு அடங்கும் என்று நம்புகிறேன்.

அக்கதை 2005ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் தொடங்கி, 2008ஆம் ஆண்டு ஜூலையில் முடிவெய்தியது. 'அவதார்: த லாஸ்ட் எயர்பென்டர்' என்பது அதன் பெயர். மைக்கல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கொனியட்ஸ்கோ என்னும் இருவர் அதனைப் படைத்தனர். பெயரின் முற்பகுதி நம் செவிக்குப் பழகிய அவதாரம் என்ற சொல்லே. நீர், நிலம், தீ, காற்று ஆகிய நான்கு பூதங்களையும் ஏவல்கொள்ள வல்ல ஒருவர் பிறவிதோறும் மீண்டும் தோன்றுகிறார் என்பது கதையின் அடிப்படையாதலின், சொல் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. ஐந்தாவது பூதம் எங்கே என்று நம்மவர் கேட்பர்; அதை இப்போது விட்டுவிடுவோம்.

நூறு ஆண்டுகள் பனிக்கட்டியுள் உறைந்து கிடந்த ஆங் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் விழித்தெழுகிறான். அதற்குள் தீ நாடு உலகின் பெரும்பகுதியைக் கைப்பற்றிவிட்டது. கோடை முடிவதற்குள் ஒரு வால்வெள்ளி வரும். அன்று தீ நாட்டாரின் ஆற்றல் பன்மடங்காகும். அதற்குமுன் இச்சிறுவன் ஏனைய பூதங்களையும் கற்றுத் தேறவேண்டும். இவ்வளவையும் 61 பகுதிகளில், நீர், நிலம், தீ என்று மூன்று நூல்களாக வகுத்துக் கூறினர்.

வழக்கு இங்கேதான் பிறக்கிறது. உலகம் எரியப்போகும் நாள் குறிக்கப்பட்டபின்னும் ஆங்கும் அவன் தோழர்களும் குறிசொல்லும் மூதாட்டியின் ஊரில் தங்கிப் பொழுது போக்குகின்றனர். முதல் நூலின் பதினோராம் பகுதியிலோ, நூறாண்டுப் பகை கொண்ட இரு குலத்தாரைப் பெரும் பள்ளத்தாக்கு ஒன்றின் வழியே அழைத்துச் செல்வதிலேயே முழுப்பொழுதும் கழிகிறது. அதனால் கதை ஓர் அடியும் நகரவில்லை. பாத்திரங்களும் எதையும் கற்றதாகத் தெரியவில்லை. கதையை உயிரினும் மேலாகப் போற்றுவோரும் இப்பகுதிக்காக வாதாட முன்வருவதில்லை. படைத்தோரும் இதனை அறிந்திருந்தனர் போலும். மூன்றாம் நூலில் இவர்களின் வரலாற்றை ஒரு நாடகக் குழு மேடையேற்றுகிறது. அந்த நாடகத்தில், பள்ளத்தாக்கைக் கண்டும் இறங்காமல் பறந்துபோய்விடலாம் என்று ஒரு நடிகர் சொல்லிவிடுகிறார்!

ஆயினும் அதற்கு அடுத்த பகுதியே, 'புயல்' என்பது, வழக்கின் மறுபக்கத்தை நமக்குக் காட்டுகிறது. அதுவரை சூக்கோ என்னும் தீ நாட்டு இளவரசன் ஆங்கைத் துரத்தும் கோபக்காரன் மட்டுமே. அவன் முகத்துத் தழும்பின் காரணம் இங்கே வெளியாகிறது. புதிதாகச் சேர்ந்த வீரர்களைக் கொண்ட 41ஆம் படைப்பிரிவைப் பலிகொடுத்துப் போரை வெல்லலாம் என்று ஒரு தளபதி கூற, பதின்மூன்று வயது இளவரசன் அதை எதிர்த்துப் பேசிவிடுகிறான். தண்டனையாக அவனுடன் தீப்போருக்கு வந்து நின்றவர் தந்தையே. மகன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறான். தந்தை அவன் முகத்தைச் சுட்டு நாட்டைவிட்டுத் துரத்துகிறார்.

இப்படிப்பட்டவன் நல்லவனாக மாற எத்தனை நாட்கள் வேண்டும்? இரண்டாம் நூல் முழுவதும் அவன் அலைகிறான், பசிக்கிறான், மாமனென்றோ ஆசானென்றோ சொல்லத்தக்க தன் பெரிய தந்தை ஐரோவுடன் தேநீர்க் கடையில் பணிபுரிகிறான். ஒரு நாள் காய்ச்சலில் வீழ்ந்து, புதியவனாக எழுந்து புன்னகையும் செய்கிறான். 'இனி இவன் ஆங்கோடு சேர்வான்' என்று காத்திருந்தோர் திகைக்க, நூலின் இறுதியில் தங்கை அசூலாவின் பக்கம் சென்று பெரிய தந்தைக்கே துரோகம் இழைக்கிறான்.

நாற்பது பகுதிகளின் உழைப்பு பாழாயிற்று, வளர்ந்த பாத்திரத்தை மீண்டும் குழியில் தள்ளிவிட்டனர் என்று ஒரு சாரார் கூறுகின்றனர். மனிதன் மாறுவது இப்படித்தான், தந்தையின் அன்பு கிடைக்கும் என்ற ஆசை எளிதில் அறுவதில்லை என்பது மறு சாராரின் விடை. நான் இரண்டாமவர் பக்கமே நிற்பேன். அவன் அன்றே திருந்தியிருந்தால், இழந்ததைப் பெறும் வாய்ப்பு வராதபோது கொண்ட திருத்தமாகவே அது இருந்திருக்கும். அரண்மனையும் தந்தையின் பாராட்டும் கைக்கு வந்தபின் அவற்றை உதறுகிறானே, அதற்குத்தான் மதிப்பு. மூன்றாம் நூலின் பன்னிரண்டாம் பகுதியில் அவன் ஆங்கிடம் வந்து சேர்கிறான். அப்போதும் கட்டாரா என்னும் பெண் அவனை மன்னிக்கவில்லை; அதற்கு மேலும் நான்கு பகுதிகள் செல்கின்றன.

இடையில் வரும் 'பா சிங் சேயின் கதைகள்' என்ற பகுதியும் பொறுமையற்றோர்க்கு வீண்பொழுதே. அதில் போரும் இல்லை, திட்டமும் இல்லை. போரில் மாண்ட மகனின் படத்தை ஒரு குன்றின்மேல் வைத்து ஐரோ அழுகிறார். ஐரோவுக்குக் குரல் கொடுத்து 2006இல் காலமான நடிகர் மாக்கோவுக்கு அக்காட்சி காணிக்கையாக்கப்பட்டது. பின்னொரு நாள் சூக்கோ வெட்கித் தலைகுனிந்து வரும்போது, அவன் பேசி முடிக்குமுன்பே ஐரோ அவனை அணைத்துக்கொள்கிறார். மகனை இழந்த அந்த முதியவரைக் குன்றின்மேல் காணாதவர்க்கு இந்த அணைப்பின் பாரம் பாதிதான் விளங்கும்.

ஆங்கின் முடிவைக் குறித்த குறையை மட்டும் என்னால் மறுக்க இயலவில்லை. கொல்லாமையை நோன்பாகக் கொண்டவன் தீ அரசனை எவ்வாறு வெல்வான் என்பது பெருங்கேள்வி. இறுதிக்கட்டத்தில் சிங்கமுக ஆமை ஒன்று தோன்றிப் புதியதோர் ஆற்றலை அருளிவிடுகிறது. அந்த ஆமையின் உருவம் இரண்டாம் நூலில் ஒரு நூலகத்தில் காட்டப்பட்டதே என்பர் ஆதரவாளர். ஒரு கணம் காட்டிய படத்தை விதை என்று சொல்லலாமேயன்றி வளர்ச்சி என்று சொல்ல இயலாது.

2010இல் முதல் நூலைச் சுமார் நூறு நிமிடத் திரைப்படமாக்கியபோது விளைந்த ஏமாற்றத்தை விரித்துரைக்கத் தேவையில்லை. 2012இல் தொடங்கிய 'கொர்ரா' என்னும் தொடர்கதையின் முதல் நூல் 12 பகுதிகளே. அதன் முடிவில் நாயகி தன் ஆற்றலை இழந்து, சில நிமிடங்களில் திரும்பப் பெற்றுவிடுகிறாள். பலரும் முகஞ்சுளித்தனர். அதே படைப்பாளர் 2014இல் நஞ்சூட்டப்பட்ட கொர்ரா நடை பழகவும் அச்சம் நீங்கவும் மூன்று ஆண்டுகள் போராடியதைக் காட்டியபோது முன்னைய குறை பெரிதும் தீர்ந்தது.

2024இல் நெட்பிளிக்ஸ் நிறுவனம் முதல் நூலை மனித நடிகரைக் கொண்டு மீண்டும் எடுத்தது. மூலத்தில் சுமார் 23 நிமிடம் கொண்ட 20 பகுதிகள்; இங்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொண்ட 8 பகுதிகள். மொத்தப் பொழுதில் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் ஓட்டம் அவசரமாகத் தோன்றியது. வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே நிகழ்ந்தவற்றை ஒரே நகரில் குவித்ததனால், பாத்திரங்கள் மூச்சு விட இடமின்றிப் போயிற்று. ஆனால் அதிலும் ஒரு மாற்றத்தை மூலத்தைப் போற்றுவோர் பலர் மனமுவந்து ஏற்றனர். சூக்கோவின் கப்பல் மாலுமிகள் யார்? அவன் உயிர்காத்த அந்த 41ஆம் படைப்பிரிவினரே. இதனை அறிந்தபின், அதுவரை அவனை வெறுத்திருந்த மாலுமிகள் வரிசையாக நின்று அவனுக்கு மரியாதை செய்கின்றனர். காட்சி சில நிமிடங்களே நீடிக்கிறது.