தசைச்சிதைவு நோயும் அளவான உடற்பயிற்சியும்



நாலு வயசுப் பையன் ஓடும்போது அடிக்கடி விழுகிறான். தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி ஊன்றி எழுகிறான். கெண்டைக்கால் மட்டும் பயில்வான் கால் மாதிரித் திரண்டிருக்கிறது. "சத்துக் குறைச்சல், வளர்ந்தா சரியாப் போயிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கடைசியில் மருத்துவர் "மஸ்குலர் டிஸ்ட்ரோஃபி" என்று பெயர் சொல்லும்போதுதான் குடும்பம் திகைத்து நிற்கும். தமிழில் இதைத் தசைச்சிதைவு நோய் என்கிறோம். மயோபதி என்றும் நம் பக்கம் சொல்வதுண்டு.

அன்று முதல் வீட்டில் இரண்டு கட்சி. "பிள்ளையை அலட்டாதே, உட்கார்ந்தே இருக்கட்டும்" என்பது ஒரு கட்சி. "நல்லா எக்ஸர்சைஸ் பண்ண வை, தினமும் ஐம்பது தோப்புக்கரணம் போடச் சொல்லு" என்பது மறு கட்சி. இருவரும் பாசத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் இரண்டு வழியிலும் பிள்ளைக்குக் கெடுதல் உண்டு. நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தசைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிரெஞ்சு மருத்துவர் டூஷென் 19ஆம் நூற்றாண்டில் விவரித்த நோய், அவர் பெயராலேயே வழங்குகிறது. ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. தசை இழையின் உறையைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இவர்களுக்குக் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இந்த உண்மை 1987இல் வெளியாயிற்று. அதே புரதம் குறைவாகவோ அரைகுறையாகவோ இருந்தால் அது பெக்கர் வகை. கொஞ்சம் மெதுவாக முற்றும். இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் வேறு வகைகளும் உண்டு. அவற்றில் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தால் உண்டாகின்றன. சொந்தத்திலேயே பெண் எடுக்கும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது.

டிஸ்ட்ரோஃபின் இல்லாத தசை, தையல் விட்ட சாக்குப்பை போன்றது. மெதுவாகத் தூக்கினால் தாங்கும், வெடுக்கென்று இழுத்தால் கிழியும். தசை சுருங்கியபடியே நீட்டப்படும் வேலைதான் அதற்கு மிகவும் ஆகாது. திருமலைக்கு அலிபிரி வழியாக நடந்து போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் படி இறங்கி வந்தால்தான் மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும். இறங்கும்போது தொடைத்தசை உடல் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள்வதுதான் காரணம். நமக்கு இரண்டு நாள் வலி. நோயுள்ள பிள்ளைக்கோ தசை இழைகளே சிதையலாம். தோப்புக்கரணம், எடை தூக்குதல், குதித்தல் எல்லாம் இந்த வகையே.

அப்படியானால் சும்மா உட்கார வைப்பது சரியா? அதுவும் இல்லை. உபயோகிக்காத தசை தானாகவே மெலியும், மூட்டுகள் மடங்கி இறுகும், உடல் எடை ஏறும். நோய் எடுத்துக்கொள்வது ஒரு பங்கு என்றால், சோம்பல் எடுத்துக்கொள்வது இன்னொரு பங்கு. இரண்டாவது பங்கையாவது நாம் தடுக்கலாமே!

இங்குதான் ஏரோபிக் பயிற்சி வருகிறது. மிதமான வேகத்தில், தொடர்ந்து, பிராணவாயுவைப் பயன்படுத்திச் செய்யும் பயிற்சி இது. சமதரையில் நடப்பது, நீச்சல், நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் ஆகியவை இதில் சேரும். டென்மார்க்கில் பெக்கர் வகை நோயாளிகள் 11 பேரை 12 வாரங்களில் 50 தடவை, தடவைக்கு 30 நிமிடம், மிதமாக சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். 2008இல் முடிவு வெளிவந்தது. பிராணவாயுவைப் பயன்படுத்தும் உச்சத்திறன் சராசரியாக 47 சதவீதம் உயர்ந்தது. தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் சி.பி.கே. அளவு கூடவில்லை.

டூஷென் சிறுவர்கள் 30 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2013இல் வந்தது. மோட்டார் துணையோடு கையாலும் காலாலும் மிதிக்கும் சைக்கிளில் 24 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி செய்த பிள்ளைகளின் இயங்குதிறன் மதிப்பெண் அப்படியே நின்றது. செய்யாதவர்களுக்குக் குறைந்தது. 'ஏறவில்லையே' என்று நினைக்க வேண்டாம். இறங்கும் நோயில் இறங்காமல் நிற்பதே லாபம்.

ஆனால் இவை எல்லாம் சிறிய ஆய்வுகள். 2019இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 14 ஆய்வுகளையும் 428 நோயாளிகளையும் அலசி, நன்மை பற்றி உறுதியாகப் பேச இன்னும் பெரிய ஆய்வுகள் தேவை என்றே சொன்னது. பயிற்சி நோயைக் குணப்படுத்தாது. "ஆறு மாசத்தில் குணமாக்கித் தர்றேன்" என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

நோய்க்கு நோய் விதியும் மாறும். பிரயன் மெக்ஆர்டில் என்ற மருத்துவர் 1951இல் விவரித்த நோயில், தசை தன் சர்க்கரைச் சேமிப்பை உடைத்து எரிக்க முடியாது. இவர்கள் நடக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கால் வலித்து நின்றுவிடும். வேகத்தைக் குறைத்து மெல்லத் தொடர்ந்தால், பத்து நிமிடத்துக்குள் ரத்தத்திலிருந்து எரிபொருள் வந்து சேர்ந்து நடை இலகுவாகும். இதை 'இரண்டாம் மூச்சு' என்பார்கள். வலியோடு மல்லுக்கட்டி வேகமாக ஓடினாலோ தசை உடைந்து சிறுநீரகமே பாதிக்கப்படலாம். ஆகவே, நோயின் சரியான பெயர் தெரியாமல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை இவை. முதலில் இதயத்தைப் பரிசோதியுங்கள், எக்கோ அவசியம். டூஷென், பெக்கர் நோய்கள் இதயத் தசையையும் தாக்கும். பயிற்சி செய்யும்போது பிள்ளை தடையில்லாமல் பேச வேண்டும்; பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்று பொருள். பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். நம் பகுதி வெயிலுக்கு அதிகாலையே உத்தமம். மறுநாளும் வலியோ அசதியோ நீடித்தால் அளவைக் குறையுங்கள். சிறுநீர் கருஞ்சிவப்பாக, கோலா நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஸ்ரீ சிட்டியில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு வசதிகள் எட்டாத தூரத்தில் இல்லை. திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவமனையும், தேவஸ்தானத்தின் பர்ட் மருத்துவமனையும் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966இல் டாக்டர் மேரி வர்கீஸ் முயற்சியால் உருவானது. விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே பணி செய்தவர் அவர். மரபணுப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் கோவையில் எம்.டி.சி.ஆர்.சி. என்ற மையம் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச்சிதைவு நோயையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. யு.டி.ஐ.டி. அட்டை வாங்கிவிட்டால் அது நாடு முழுவதும் செல்லும். மாநிலம் விட்டு மாநிலம் வந்த நமக்கு இது முக்கியம்.

ஒரு வார்த்தை தாய்மார்களுக்காக. டூஷென் நோய் தாய்வழி மரபணுவால் வருவதுண்டு; ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு அது புதிதாகவே உண்டாகிறது. எப்படி வந்தாலும் அது யாருடைய குற்றமும் அல்ல. மருமகளைக் குறை சொல்லும் நேரத்தில் பேரனின் சைக்கிள் பக்கத்தில் அரைமணி உட்காருங்கள்.

சேலத்தின் வானவன் மாதேவியும் தங்கை இயல் இசை வல்லபியும் இதே நோயோடு வாழ்ந்துகொண்டே, தம்மைப் போன்றோருக்காக ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். அக்கா 2017இல் மறைந்தார். நோய் எத்தனை நாள் கொடுக்கும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் தன் கையால் சோறு அள்ளிச் சாப்பிடும் நாட்களைக் கொஞ்சம் நீட்டிக்க, அளவோடு செய்யும் பயிற்சி உதவக்கூடும். அதற்கு நாம் கூட இருக்க வேண்டும்.