குளம்பு அழற்சியும் தீனி முறையும்

பட்டிப்பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டி, மாலையணிந்து, பொங்கற் சோற்றை ஊட்டுதல் நம் கமக்காரரின் தொன்றுதொட்ட வழக்கமாகும். கைப்பிடியளவு சோற்றினால் யாதொரு கேடும் இல்லை. ஆனால் எஞ்சிய சோறு வீணாகலாகாதென எண்ணி வாளி நிறைய வைப்போரும் உளர். மறுநாட் காலையில் அம்மாடு தீனியை நாடாது, அசைபோடாது, இடப்பக்க வயிறு உப்பி நிற்கும், சாணம் புளித்த நாற்றத்துடன் நீராகக் கழியும். இரண்டொரு நாளில் மாடு இறந்துபடுவதும் உண்டு. பிழைத்த மாடோ சில நாட்களின் பின் நொண்டத் தொடங்கும். நாவூறு பட்டதெனக் கூறி நூல் கட்டுவர். காரணமோ முதல்நாள் வாளியிலேயே இருந்தது.

சோறு மட்டுமன்று, நெல், அரிசிக் குறுணல், மா முதலியவையும் திடீரென மிகுதியாக வயிற்றிற் சேரின் இவ்வாறே தீங்கு செய்யும். அறுவடைக் காலத்தில் கட்டறுத்துக்கொண்டு நெற்குவியலில் வாய்வைத்த மாடுகளுக்கும் இதுவே நேர்கிறது. மாட்டின் முதல் வயிற்றிலே வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் மெல்லமெல்லச் செரிக்கச் செய்வன. மாப்பொருள் ஒருங்கே வந்து குவியும்போது புளிப்பை உண்டாக்கும் வேறு நுண்ணுயிர்கள் பெருகிவிடுகின்றன. வயிறு கடும் புளிப்படைகிறது. நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. மடிந்தவற்றின் நச்சு இரத்தத்திற் கலந்து குளம்புவரை செல்கிறது.

அழற்சி என்பது சூடும் வீக்கமும் நோவும் சேர்ந்த நிலை. உடலின் பிற இடங்களில் வீக்கம் வெளியே புடைக்க இடமுண்டு. குளம்போ இறுகிய கொம்புப் பொருளாலானது. உள்ளே வீங்கிய மென்றசை விரிய இடமின்றி நசுங்குகிறது. ஆகவேதான் வெளித்தோற்றத்தில் எதுவும் காணாதபோதும் மாடு அடியெடுத்து வைக்க அஞ்சுகிறது. கையை வைத்துப் பார்த்தால் குளம்பு சுடும். முன்கால்களை ஒன்றன்மேலொன்று பின்னிக்கொண்டு நிற்பதும் உண்டு.

குதிரைக்கு இந்நோய் இன்னும் கொடியது. அதற்கு அசைபோடும் வயிறு இல்லை. மிகுந்த தானியம் பெருங்குடலிற் சென்று புளிக்கிறது. குளம்புச் சுவரை உள்ளெலும்போடு பிணைத்திருக்கும் மெல்லிய தகடுகள் தளர்ந்துவிட, உடற் பாரம் தாங்காது எலும்பு கீழே இறங்கிவிடும். கிரேக்கர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மிகைத்தீனியால் வரும் குதிரை நோயொன்றை வாற்கோதுமையின் பெயரால் அழைத்தனர். நம் நெடுந்தீவிலே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிலிருந்து வழிவந்தனவாகக் கூறப்படும் மட்டக்குதிரைகள் மேய்ச்சலை நம்பியே திரிகின்றன. தானிய வாளி அவற்றை அணுகுவதில்லை. அவற்றின் துன்பம் கோடையில் நீரும் புல்லும் அருகுதலேயாம்.

நம் குடாநாட்டில் வாளியின் ஆபத்து மிகுதியாக நெருங்குவது சவாரி மாடுகளையே. வண்டிச் சவாரிக்கு நாள் குறித்தவுடன், மாடு உரம்பெற வேண்டுமென்று அரிசியும் உளுந்தும் பிண்ணாக்கும் ஒரே கிழமையில் இருமடங்காக்கப்படுகின்றன. ஆசை நல்லதே, அவசரம் தீது. தானியத்தைக் கூட்ட விரும்பின் இரண்டு மூன்று கிழமைகளில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரு நாட் பங்கை ஒரே வேளையில் வையாது மூன்றாகப் பிரியுங்கள். முதலில் வைக்கோலோ புல்லோ தின்னவிட்டு, அதன் பின்னரே தானியம் வையுங்கள். நாட்டீனியில் பாதிக்குமேல் நார்த்தீனியாக இருத்தல் வேண்டும். பனையோலையைக் கிழித்துப் போடும் பழைய வழக்கமும் இதற்கு உதவும்.

இனி, குளம்புக்கென்றும் வீக்கத்துக்கென்றும் விற்கப்படும் சத்துமாக்களைப் பற்றி. இவற்றுட் சில பயனுடையவை. ஆயினும் எதற்குப் பயனுடையவை என அறிந்து வாங்குதல் வேண்டும். பயோற்றின் என்னும் விற்றமினை நாளொன்றுக்கு 20 மில்லிகிறாம் அளவில் கொடுத்தால் புதிதாக வளரும் குளம்பு உறுதிபெறும். ஆனால் மாட்டுக் குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றரே வளர்வது. எனவே பலனைக் காணப் பல மாதங்கள் செல்லும். இன்று எரியும் அழற்சியை அது அணைக்காது. மேலும், நலமுள்ள மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் பயோற்றினைத் தாமே ஆக்குகின்றன. புளித்த வயிற்றில் அவ்வாக்கம் குன்றுகிறது. வாளியைத் திருத்தாமல் மாவை வாங்குவது ஓட்டைப் பட்டையால் நீர் இறைப்பது போலாம்.

நாகம், செம்பு ஆகிய கனியுப்புகளும் குளம்புக்கு வேண்டியனவே. வளர்ந்த மாட்டுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 கிறாம் கனியுப்புக் கலவை பெரும்பாலும் போதும். வைக்கோலையே தின்னும் கோடைமாதங்களில் விற்றமின் குறைவும் நேரும். அகத்தி, முருங்கை, முள்முருக்கு, பூவரசு ஆகியவற்றின் பச்சையிலைகளை வேலியிலிருந்தே வெட்டிக் கொடுக்கலாம். செலீனியம் கலந்த மருந்தை மட்டும் நீங்களாக அளவு கூட்டாதீர்கள். அது மிகுந்தால் நஞ்சாகும்.

மாடு தானியத்தை மிகுதியாகத் தின்றுவிட்டதை அறிந்தவுடன், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராது கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். தின்ற அளவையும் நேரத்தையும் சொல்லுங்கள். எஞ்சிய தானியத்தை அகற்றி வைக்கோல் மட்டும் வையுங்கள். புளிப்பை முறிக்க அப்பச்சோடா போன்றவற்றை வைத்தியர் கொடுப்பார். நீங்களே மூங்கிற் குழலால் வலிந்து பருக்கின் அது மூச்சுப்பையிற் புகுந்து மாட்டைக் கொன்றுவிடக்கூடும். நொண்டும் மாட்டை வண்டியிற் பூட்டாது மணல் பரப்பிய நிழலிற் கட்டுங்கள். சீமெந்துத் தரை ஆகாது. வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் கண்டு எச்சில் வடிந்தால் அது கால்வாய் நோயாக இருக்கலாம். அப்பொழுது மற்ற மாடுகளிலிருந்து பிரித்துக் கட்டி அன்றே அறிவியுங்கள்.