நான்குபுரி ஆர்.என்.ஏ.: சோதனைக்குழாயிலும் உயிரணுவிலும்

மரபணுவின் செய்தியை ரைபோசோமுக்கு எடுத்துச்செல்லும் தூது ஆர்.என்.ஏ., வெறும் எழுத்துவரிசை அன்று. அது மடிந்து பல வடிவங்களைக் கொள்கிறது. அவற்றுள் குவானைன் மிகுந்த இடங்களில் தோன்றும் நான்குபுரி அமைப்பு (ஜி-குவாட்ரப்ளெக்ஸ்) தனித்தன்மை உடையது. நான்கு குவானைன்கள் ஹூக்ஸ்டீன் பிணைப்புகளால் ஒரு சதுரத் தட்டாக இணைகின்றன. தட்டுகள் அடுக்கப்பட, இடையே அமரும் பொட்டாசியம் அயனி அடுக்கை நிலைநிறுத்துகிறது. இத்தட்டின் அமைப்பை மார்ட்டின் கெல்லெர்ட் முதலானோர் 1962இல் விளக்கினர். உயிரணுவினுள் பொட்டாசியம் மிகுதி. ஆகவே அங்கும் இவ்வமைப்பு எளிதில் உருவாகும் என எதிர்பார்த்தது இயல்பே.

இதற்கு வலுச்சேர்த்தது சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியனின் கேம்பிரிட்ஜ் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு. புற்றுநோயுடன் தொடர்புடைய என்.ஆர்.ஏ.எஸ். மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.யில், 5′ முனைக்கு அருகே, 18 நியூக்ளியோடைடுகள் கொண்ட ஒரு நான்குபுரி உள்ளது. அது உருவாக இயலாதவாறு வரிசையை மாற்றியபோது புரத உற்பத்தி ஏறத்தாழ மூன்று மடங்கு உயர்ந்தது. அதாவது, நான்குபுரி ஒரு தடையாகச் செயல்பட்டது. ஆயின் இச்சோதனை நிகழ்ந்தது உயிரணுவில் அன்று, உயிரணுச் சாற்றில்.

2016இல் குவோ, பார்ட்டல் ஆகியோரின் ஆய்வு இவ்விடைவெளியைச் சுட்டியது. சோதனைக்குழாயில் மடியும் ஆயிரக்கணக்கான வரிசைகள், பாலூட்டிகளின் உயிரணுக்களில் பெரும்பாலும் மடியாமலே காணப்பட்டன. மாறாக, 2014இல் பி.ஜி.4 என்னும் எதிர்பொருளைக் கொண்டு மனித உயிரணுவின் சைட்டோபிளாசத்தில் இவ்வமைப்புகள் காட்சிப்படுத்தப்பட்டிருந்தன.

இம்முரணின் ஒரு பகுதி கருவிகளிலேயே உள்ளது எனலாம். டைமெத்தில் சல்ஃபேட்டு, பிணைப்பில் சிக்காத குவானைனை மீளாதவாறு மாற்றிவிடும். கணப்பொழுது அவிழும் அமைப்பையும் அது அவிழ்ந்த நிலையிலேயே பிடித்துவைக்கக் கூடும். எதிர்பொருளோ மடிந்த நிலையைப் பற்றி நிலைநிறுத்தக் கூடும். ஒவ்வொரு கருவியும் தன் பக்கமே சாய்கிறது.

எனவே "உண்டா, இல்லையா" என்பதினும் "எவ்வளவு நேரம்" என்ற வினாவே பொருத்தமானது. டி.எச்.எக்ஸ்.36 என்னும் ஹெலிகேஸ் நொதி நான்குபுரிகளை அவிழ்க்கிறது. அந்நொதியை நீக்கிய மனித உயிரணுக்களில் நான்குபுரி வரிசை கொண்ட தூது ஆர்.என்.ஏ.க்கள் பெருகின, ஆயினும் அவற்றிலிருந்து புரதம் அதற்கேற்ப உருவாகவில்லை. அமைப்பு தோன்றுவதே இல்லையெனில் அவிழ்ப்பானை இழப்பதால் இவ்விளைவு நேர்வதை விளக்குவது கடினம். நான்குபுரியை நிலைநிறுத்திப் புற்றுநோய்ப் புரதத்தைக் குறைக்க முயலும் மருந்து மூலக்கூறுகள் போட்டியிட வேண்டியது இந்த நொதிகளுடனேயே.